சவுரிமுத்துவும் ஆயிரத்து அறுநூறு நிட்ஸும்

மனித குலம் ஒளியைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளில் மூன்றுதான் தேறும். முதல் இரண்டும் வெளிநாட்டில் நடந்தவை. நமக்கு அவை அவசியமில்லை. மூன்றாவது, தாம்பரத்தை அடுத்த சேலையூரில், கேம்ப் ரோட்டில், 'லேக் பிரீஸ் ரெசிடென்சி' குடியிருப்போர் நலச் சங்கக் கூடத்தில், ஏ.சி. இருபத்திரண்டில் வைக்கப்பட்டு, இனிதே நடந்தேறியது. அதனால் உலகம் அடைந்த பயனை அறிஞர்கள் பின்னால் கணக்கிட்டுக்கொள்ளட்டும். சவுரிமுத்து அடைந்த பயனை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

லேக் பிரீஸில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். ஏரி உண்டு. டி பிளாக் ஐந்தாம் மாடியில் ஒரு குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னல் வழியாக இடது பக்கம் கழுத்தைத் திருப்பினால் தெரியும். வாசலில் காவலுக்கு இருந்தவர் சவுரிமுத்து. அவரை 'வாட்ச்மேன்' என்று கூப்பிடக் கூடாது. போன வருஷமே சங்கம் தீர்மானம் போட்டு அந்தப் பதவியை 'நுழைவு மேலாண்மை அலுவலர்' என்று உயர்த்திவிட்டது. பதவி உயர்ந்தது, நாற்காலி மட்டும் அதே பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் கொஞ்சம் வளைந்தது.

சவுரிமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. அனகாபுத்தூரிலிருந்து பஸ் மாறி வருவார். அதற்கு முன் தாம்பரத்தில் ஒரு சினிமா தியேட்டரில் இருபத்திரண்டு வருஷம் வாசல் பார்த்தவர். டிக்கெட்டைக் கிழிப்பது, டார்ச் அடித்து சீட் காட்டுவது, படம் ஆரம்பிக்கும் முன் கதவைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிடுவது எல்லாம் அவர் வேலை. தியேட்டர் இடிபட்டுத் துணிக்கடையானதும் இங்கே வந்து சேர்ந்தார். இந்த வயதில் இதுவும் போனால் வேறு யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி தபீதாளுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

வந்த புதிதில் கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் அறை இருந்தது. நாலுக்கு ஆறு. மேலே கான்கிரீட், நடுவில் ஃபேன். இரண்டு வருஷத்துக்கு முன் குடியிருப்புக்கு வரும் பார்சல்கள் பெருகிப்போய், அவற்றை வெயிலில் வைத்தால் கெட்டுவிடும் என்று ஓர் அம்மாள் சங்கக் கூட்டத்தில் கண்ணீர் மல்கப் பேசினார். கல் நெஞ்சும் கரையும். அறை 'பார்சல் பாதுகாப்பு மையம்' ஆனது. சவுரிமுத்துவின் நாற்காலி வெளியே கேட் தூணுக்குப் பக்கத்தில் வந்தது. அந்த இடத்துக்குச் சூரியன் காலை பத்துக்கு டூட்டிக்கு வந்தால் சாயங்காலம் நாலரைக்குத்தான் போகும். ஒருநாள் கூட லீவு போட்டதில்லை. சவுரிமுத்து ஒரு பழைய குடையைக் கொண்டுவந்து கேட்டில் கட்டினார். கட்டடத்தின் 'முகப்புத் தோற்றம்' கெடுகிறது என்று அன்றைக்கே அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் சங்கச் செயலாளர் சுப்பராயலு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். எதையும் புதிதாகவே வைத்திருப்பது அவருடைய கொள்கை. அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு எட்டு வயதாகிறது. கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. டிவி ரிமோட் உறைக்குள் இருக்கும். கார் சீட்டில் உட்கார்ந்தால் மொறமொறவென்று சத்தம் வரும்.

அவர் காலத்தில்தான் வாசலில் இருந்த நோட்டுப் புத்தகம் ஒழிந்து, டேப்லெட் வந்தது. தூணில் இரும்புச் சட்டம் அடித்து, சங்கிலி போட்டு மாட்டினார்கள். கண்ணாடியின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி. அதற்கும் மேல், மழை வந்தால் என்னாவது என்று, ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. விருந்தாளி வந்தால் சவுரிமுத்து அந்தப் பையின் மேல் விரலால் வீட்டு எண்ணையும் 'வந்த நோக்க'த்தையும் தொட வேண்டும். வீட்டுக்காரரின் செல்போனில் 'அனுமதிக்கலாமா? ஆம் / இல்லை' என்று வரும். அவர் ஏதாவது எழுதினால் டேப்லெட் அதை ஒரு பெண் குரலில் உரக்கப் படிக்கும். மூன்று நிமிஷம் பதில் வராவிட்டால் அனுமதி மறுப்பு. 'அனைத்து வீடுகள்' என்று ஒரு பொத்தானும் உண்டு. மாடு புகுந்தாலோ நன்கொடை கேட்டு யாராவது வந்தாலோ அதை அழுத்தினால் நூற்றுப் பன்னிரண்டு போனும் ஒன்றாக அலறும். பாதிக்கு மேல் 'ஆம்' வந்தால் கேட் திறக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுகூடக் காட்டும். ஜனநாயகம் சேலையூரில் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

சிக்கல் ஒன்றுதான். வெயிலில் அந்தத் திரையில் ஒரு மண்ணும் தெரியவில்லை.

மார்ச் மாசக் கடைசி ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. சுப்பராயலுவின் மகள் ஜீவிதாவைப் பெண் பார்க்க பெருங்களத்தூரிலிருந்து இரண்டு காரில் ஒன்பது பேர் வந்தார்கள். சவுரிமுத்து திரையைப் பார்த்தார். அதில் அவருடைய மீசை, பின்னால் வானம், கரண்ட் கம்பியில் ஒரு காக்கை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. எழுத்து தெரியவில்லை. 'விருந்தினர்' எங்கே இருக்கும் என்று உத்தேசமாகத் தொட்டார். விரல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது.

மாடியில் வெள்ளை வேட்டியோடு காத்திருந்த சுப்பராயலுவின் போன் அடித்தது. 'கழிவுநீர் லாரி, ஒன்பது நபர்கள், உங்கள் வீட்டுக்கு வந்துள்ளது. அனுமதிக்கலாமா?'

அவர் 'இல்லை' என்றார். மறுபடி வந்தது. மறுபடி 'இல்லை.' மூன்றாவது தடவை அவருக்குக் கோபம் வந்து, சுருக்கமாக எழுதினார். அதை டேப்லெட்டில் இருந்த பெண் இனிமையான குரலில், தெரு முனைவரை கேட்கும்படி, மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்: "இன்று நல்ல காரியம் நடக்கிறது. இப்போது உள்ளே விட்டால் வீடு நாறும். சாயங்காலம் வரவும்."

சம்பந்தம் முறியவில்லை, முறியாமல் இருக்கச் சுப்பராயலு பெருங்களத்தூருக்கு நாலு தடவை போய் வந்தார். மறுநாள் காலை சவுரிமுத்துவுக்கு ஒரு தாள் நீட்டப்பட்டது.

"இன்னா சார் இது?"

"மெமோ. இன்னொரு தப்பு நடந்தா வேலை போயிடும்னு எழுதியிருக்கு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"சார், வேணும்னா பண்ணேன்? ஸ்கிரீனு தெர்ல சார். பாத்தா என் மூஞ்சிதான் தெரியுது."

"உன் மூஞ்சி தெரியுதுன்னா ஸ்கிரீன் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"எழுத்து தெரியணும்ல சார். ஒண்ணு பண்ணுங்க. என் சேரை மட்டும் பார்சல் ரூமாண்ட ஓரமா போட்டுக்கறேன், இந்த டேப்பையும் அங்க மாட்டிடலாம். இல்லாங்காட்டி தலைக்கு மேல ஒரு தகரம் அடிங்க. அவ்ளோதான் மேட்டரு."

"பிரச்சனை ஸ்கிரீன்ல இருக்கு. நீ எதுக்குய்யா நடுவுல நாற்காலியைக் கொண்டுவர்ற?"

சுப்பராயலு நியாயஸ்தர். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு செய்ய மாட்டார். நேரில் வந்து திரையைச் சோதித்தார். மாலை ஆறரை மணிக்கு.

"பளிச்சுன்னு தெரியுதே!"

"இப்ப தெரியும் சார். சூரியன் வூட்டுக்குப் போயிட்ச்சி."

இப்படியாக ஒரு வாரம் போனது. பிறகு ஒரு நாள் பகலில், ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வரும்போது, சுப்பராயலு தற்செயலாகத் திரையைப் பார்த்தார். அதில் தன் முகத்தைக் கண்டார். தலைமுடி காதோரம் நரைத்திருந்தது. திரையின் தரம் மிகவும் மோசம் என்று அந்த நிமிஷமே அவருக்கு விளங்கிவிட்டது.

அன்றே 'திரைத் தொழில்நுட்ப ஒப்பீட்டு உபகுழு' அமைந்தது. தலைவர் சுப்பராயலு. நிபுணர், பி பிளாக் ஜோஷ்வா, சிறுசேரியில் ஐ.டி. வேலை, வருஷத்துக்கு ஒரு டேப்லெட் மாற்றுபவர். கூட்டக் குறிப்பு எழுதுபவர் காந்திமதி; கணக்கு டீச்சராக இருந்தவர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வியாபாரப் பிரதிநிதி அசார். மேற்குத் தாம்பரத்தில் செல்போன் கடை, ஏ பிளாக் நூற்று மூன்றில் குடியிருப்பு. நாற்காலி போட, டீ கொண்டுவர, தேவைப்பட்டால் 'இறுதிப் பயனர்' என்ற முறையில் கருத்துச் சொல்ல, சவுரிமுத்து. அந்தக் கடைசிப் பொறுப்பைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. 'இறுதி' என்ற வார்த்தையை அவர் அதுவரை சர்ச்சில்தான் கேட்டிருந்தார்.

ஆய்வின் முதல் கட்டம் வாசலிலேயே, உச்சி வெயிலில் தொடங்கியது. ஏழு நிமிஷம் நடந்தது. காந்திமதியின் குறிப்பு சொல்கிறது: 'வெயிலில் திரைகளின் தெளிவைச் சோதிக்க முற்பட்டபோது வெயில் பெரும் இடையூறாக இருந்ததால், ஆய்வு சங்கக் கூடத்துக்கு மாற்றப்பட்டது.' கூடத்திலும் ஜன்னல் வழியாக வெயில் எட்டிப் பார்த்தது. சவுரிமுத்து எழுந்துபோய்த் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஒரு கீற்று வெளிச்சம் தப்பவில்லை.

மேஜையில் எட்டு டேப்லெட்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. குடியிருப்போர் அன்போடு இரவல் கொடுத்தவை. எட்டிலும் மேல் தாள் உரிக்கப்படவில்லை.

ஜோஷ்வா எழுந்தார். "சார், அடிப்படையா ரெண்டு வகை. எல்.சி.டி.ன்னா பின்னாடி ஒரு லைட் எப்பவும் எரிஞ்சுட்டே இருக்கும். முன்னாடி இருக்கிற புள்ளிங்க கதவு மாதிரி திறந்து மூடும். கதவை மூடினாலும் இடுக்குல கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால கருப்பு, சாம்பலாத் தெரியும். ஓ.எல்.இ.டி.ல ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கருப்பு வேணும்னா விளக்கையே அணைச்சிடும். அதுதான் உண்மையான கருப்பு."

"இதுவரைக்கும் நம்ம பார்த்ததெல்லாம் பொய்க் கருப்பா?" என்று சுப்பராயலு கேட்டார். குரலில் வேதனை இருந்தது.

"ஆமா சார்."

ஜோஷ்வா அடுத்த டேப்லெட்டைக் கையில் எடுத்தார்.

"மினி எல்.இ.டி.ன்னு ஒண்ணு இருக்கு சார். எல்.சி.டி. மாதிரிதான், ஆனா பின்னாடி ஆயிரக்கணக்குல குட்டி லைட். வெயிலுக்கு அதுதான் நல்லா..."

"மினி வேணாம். நூத்திப் பன்னிரண்டு ஃபிளாட். வெளியில தெரிஞ்சா கேவலமாப் பேசுவாங்க."

"அப்புறம் ரெஃப்ரெஷ் ரேட். ஒரு செகண்டுக்குத் திரை நூத்தி இருபது தடவை மாறும்."

"நம்ம கேட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர்யா வர்றாங்க?"

"பத்து பன்னெண்டு பேர் வருவாங்க சார்," என்றார் சவுரிமுத்து.

சுப்பராயலு மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். "போதும். எதிர்காலத்துக்கும் தாங்கும்."

ஒப்பீட்டுக்கு எட்டுத் திரையிலும் ஒரே படம் போட வேண்டும் என்று ஜோஷ்வா சொன்னதும், சுப்பராயலு தன் பணி ஓய்வு விழாப் புகைப்படத்தைப் பெருந்தன்மையோடு கொடுத்தார். சால்வை, ரோஜா மாலை, அப்போதுதான் சாயம் பூசிய தலை. எல்.சி.டி.யில் தலைமுடி சாம்பலாகத் தெரிந்தது. ஓ.எல்.இ.டி.யில் உண்மையான கருப்பாக, காலேஜ் பையன் மாதிரி தெரிந்தது. அறிவியல் தன் தீர்ப்பை அங்கேயே வழங்கிவிட்டது. மீதி மூன்று கூட்டங்களும் முறைக்காக நடந்தவைதான்.

அசார் மட்டும் கையைத் தூக்கினார். "நான் இதையே வித்துப் பொழைக்கிறவன். சொல்றதைக் கேளுங்க. இப்ப இருக்கிற டேப்பே போதும். அதுமேல இருக்கிற பையைக் கழட்டுங்க, கண்ணாடியைக் கழட்டுங்க, அந்தப் பேப்பரை உரிங்க. மேல ரெண்டு தகரத்தை அடிங்க. சவுரிண்ணாவும் நிழல்ல உக்காருவாரு, ஸ்கிரீனும் தெரியும். புதுசெல்லாம் எதுக்கு? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதையா இருக்கு."

கூடம் அதிர்ந்துபோனது. கடைக்காரனே வாங்க வேண்டாம் என்கிறான் என்றால் அதில் ஏதோ உள்குத்து இருக்க வேண்டும். ஆளை எடை போடுவதில் சுப்பராயலு தேர்ந்தவர்.

"தகரம்கிறது கட்டடக் குழுவோட விஷயம். இது திரைக் குழு. உரிக்கிறதுங்கிற பேச்சுக்கே இடமில்லை, உரிச்சா பழசாயிடும்," என்றார். அடுத்த கூட்டத்துக்கு அசாருக்கு அழைப்பு போகவில்லை.

கடைசியில் இறுதிப் பயனரைக் கேட்டார்கள். சவுரிமுத்து எட்டுத் திரையையும் குனிந்து பார்த்தார். இருட்டில் எட்டும் அழகாக ஜொலித்தன. எட்டு சுப்பராயலு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எல்லாமே நல்லாத்தான் சார் கீது. இருட்டு கட்டிட்டா எந்தத் திரையும் தெரியும். எங்க தியேட்டர்ல மெஷினு ஓட்ட ஒடசல் சார், நாப்பது வருசத்து மெஷினு. ஆனா மேட்னிக்கு மொதல்ல கதவை சாத்துவோம். அப்பாலதான் படம் போடுவோம். கதவைத் தொறந்து வெச்சிகினு எவ்ளோ பெரிய மெஷினு வாங்கினாலும் ஒண்ணியும் தெரியாது."

காந்திமதி பேனாவை எடுத்தார். இந்த மனுஷன் சொல்வதுதான் சரி என்று அவர் மனசில் பட்டது. பட்டதை எழுதுவது குறிப்பாளரின் வேலையில்லை. எழுதினார்: 'இறுதிப் பயனர் அனைத்துத் திரைகளையும் பாராட்டினார்.'

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நாளிலேயே புதிய ஓ.எல்.இ.டி. டேப்லெட் வாசலில் பிரதிஷ்டை ஆனது. ஆயிரத்து அறுநூறு நிட்ஸ். நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு என்று ஜோஷ்வா விளக்கினார், எல்லோரும் தலையாட்டினார்கள். மல்லிகைச் சரம் சுற்றி, தேங்காய் உடைத்து, திரையின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சரியாக '4' என்ற எண் வரும் இடத்தில் அது அமைந்ததால் அன்று முழுக்க நாலு வரும் எண்ணுள்ள வீடுகளுக்கு யாரும் வர முடியவில்லை. மேல் தாள், பாதுகாப்புக் கண்ணாடி, ஜிப் பை மூன்றும் முறைப்படி அணிவிக்கப்பட்டன. ஆயிரத்து அறுநூறு நிட்ஸும் இந்த மூன்றையும் தாண்டி வெளியே வருவதற்குள் களைத்துப் போயின.

சவுரிமுத்துவின் சட்டைப் பையில் அந்த மெமோ மடித்துக் கிடந்தது. இன்னொரு தப்பு, வேலை காலி. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சூரியனுக்கு முதுகைக் காட்டி, கால்களை அகட்டி நின்று, லேசாக முன்னால் குனிந்தால் அவருடைய நிழல் திரையின் மேல் விழும். அப்போது எழுத்து தெரிந்தது. நூறு சதவீதம் சரியாகப் பதிவுகள் நடந்தன. புதிய திரையின் அருமையைச் சங்கமே மெச்சிக்கொண்டது. தபீதாள் போனில், "குந்திகினு வேலை பாக்கலாம்ல?" என்று கேட்டாள். "குந்தினா நெழல் வுழாதுமே," என்றார் சவுரிமுத்து.

நாலாம் நாள், பதினொன்றே முக்கால் மணி. திரையில் ஒரு தெர்மாமீட்டர் படம் வந்தது. 'சாதனம் அதிகம் சூடாகிவிட்டது. குளிர்ந்த பிறகு பயன்படுத்தவும்' என்று சொல்லிவிட்டு டேப்லெட் அணைந்தது. அதற்கு அந்த வசதி இருந்தது. சவுரிமுத்துவுக்கு அப்படி எந்தப் படமும் வரவில்லை. கண் முன்னால் உண்மையான கருப்பு வந்தது. சாயும்போது கை இரும்புச் சட்டத்தைப் பிடித்தது. சட்டம், சங்கிலி, டேப்லெட் எல்லாம் அவர் மேலேயே வந்து விழுந்தன.

அடுத்த பத்து நிமிஷத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தெட்டுப் பேர் பதறிப்போய், "டேப் எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

அசாரும் காந்திமதியும் ஓடிவந்து சவுரிமுத்துவைத் தூக்கிப் பார்சல் அறைக்குள் படுக்க வைத்தார்கள். காந்திமதி முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் விழித்தபோது மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து அதைப் பார்க்கிறார். பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாசலில் சுப்பராயலுவின் தலை தெரிந்தது.

"பார்சல் ஒண்ணும் நசுங்கலையே?"

"அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார்," என்றார் அசார்.

"போகலாம், போகலாம். முதல்ல என்ன நடந்ததுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிடுவோம்."

எழுதினார்கள். 'மேற்படி சாதனம் மூன்றரை அடி உயரத்திலிருந்து விழ நேரிட்டது. நல்வாய்ப்பாக நுழைவு மேலாண்மை அலுவலர் அதற்கு அடியில் இருந்தமையால் திரைக்குச் சேதமில்லை.' அசார் அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குளுக்கோஸ் ஏற்றி, அனகாபுத்தூர் வீட்டில் விட்டுவந்தார். இது குறிப்பில் இல்லை.

அவசரக் கூட்டம் மறுநாள் மாலை. சவுரிமுத்துவும் வந்திருந்தார், நாற்காலி போட வேறு ஆளில்லை. ஜோஷ்வா டேப்லெட்டோடு வந்த கையேட்டை விரித்தார்.

"சார், இதுல தெளிவா இருக்கு. 'பூஜ்ஜியத்திலிருந்து முப்பத்தைந்து டிகிரி வரைதான் பயன்படுத்த வேண்டும். நேரடி வெயிலில் வைக்கக் கூடாது.' நேத்து நாப்பத்தொண்ணு சார்."

சுப்பராயலு எழுந்து நின்றுவிட்டார். "நாப்பத்தொண்ணா? அதுலயா அதை நாலு நாளா நிக்க வெச்சிருந்தோம்? வாயில்லாத ஜீவன்யா அது! நம்மகிட்ட ஈவு இரக்கமே இல்லையா?"

கூடம் தலை குனிந்தது. டி பிளாக் அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டடக் குழு, முகப்புத் தோற்றக் குழு, திரைக் குழு மூன்றும் ஐந்தே நிமிஷத்தில் ஒத்துப்போயின. வாசல் தூணில் நிழற்கூடு ஒன்று கட்டுவதென்று தீர்மானம் ஆனது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே இரட்டைத் தகரம், உள்ளே தெர்மாக்கோல், சூட்டை இழுத்து வெளியே தள்ள இரண்டு குட்டி ஃபேன். குளிர்ச்சிக்குத் தடையாக இருக்கிறது என்று தாள், கண்ணாடி, பை எல்லாவற்றையும் உரித்துவிடவும் சுப்பராயலு நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்தார். தவறு பழைய திரையுடையதே என்று நிரூபணமானதால் சவுரிமுத்துவின் மெமோவும் ரத்தாயிற்று. வேலை தப்பியது.

சவுரிமுத்து மெதுவாக ஜோஷ்வாவின் பக்கம் போனார். "தம்பி, அந்த புக்குல எனக்கு எத்தினி டிகிரி போட்டுக்கீது?"

ஜோஷ்வா முதலில் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல பிள்ளை, உண்மையாகவே பக்கம் பக்கமாகத் தேடினார். பதினோரு பாஷையில் இருந்தது. "இல்லைண்ணா," என்றார்.

காந்திமதி அதையும் பதிவு செய்தார். எழுதும்போது அவருடைய அச்சுக் கையெழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது. 'பயனருக்கு வெப்ப வரம்பு எதுவும் கையேட்டில் குறிப்பிடப்படவில்லை. எனவே வரம்பு இல்லை எனக் கொள்ளப்பட்டது.' ஏகமனதாக நிறைவேறியது.

நிழற்கூடு மூன்று நாளில் தயாரானது. நான்காம் நாள் பகல், சவுரிமுத்து அதன் முன்னால் நின்றார். முதுகில் வெயில் காய்ந்தது. கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் ஊட்டி. திரையில் எழுத்துகள் முத்து முத்தாகத் தெரிந்தன. தாள் இல்லை, பை இல்லை, உண்மையான கருப்பில் உண்மையான வெள்ளை. இனிமேல் அவர் குனிந்து நிழல் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. அவருடைய நிழல் சும்மா தரையில் கிடந்தது.

வேலை போனால் போகட்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. வேலை வேண்டும். ஆனாலும் கேட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கேட்பதற்கென்றுதானே அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள்? வாயால் ஆறு தடவை கேட்டாயிற்று. முறைப்படி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு 'அனைத்து வீடுகள்' பொத்தானைத் தொட்டார். ஒரு பிழை இல்லாமல் நிரப்பினார்.

பெயர்: சவுரிமுத்து. நபர்கள்: ஒன்று. வந்த நோக்கம்: நிழல். உள்ளே அனுமதிக்கலாமா?

நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் போன்கள் ஒன்றாக அலறின. எல்.சி.டி. வைத்திருந்தவர்கள், ஓ.எல்.இ.டி. வைத்திருந்தவர்கள், மேல் தாளை உரித்தவர்கள், உரிக்காதவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. அசாரின் ஏ பிளாக் நூற்று மூன்றிலிருந்து உடனே ஒரு 'ஆம்' வந்தது. சவுரிமுத்து காத்திருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியது. மூன்றாவது நிமிஷமும் முடிந்தது.

பெரிய செலவில் திரையை மாற்றியது தகுமா என்று இன்றும் சில விதண்டாவாதிகள் கேட்கிறார்கள். தகும் என்பதற்குச் சவுரிமுத்துவே சாட்சி. அக்கினி நட்சத்திர வெயிலில், பட்டப்பகல் பன்னிரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு, கண்ணைச் சுருக்காமல், குனியாமல், எழுத்துக் கூட்டாமல், நின்ற இடத்திலிருந்தே அவரால் தெளிவாகப் படிக்க முடிந்தது: 'பார்த்தவர்கள் 109. ஆம் 1. அனுமதி மறுக்கப்பட்டது.'